யூடியூப் வருமானத்தில் எந்தச் செலவு கழியும்? புதியவர்களுக்கு ஒரு வருமான வரி வழிகாட்டி

ஜூலை மாதம் ஆடிட்டர் எதிரே உட்கார்ந்து “என்னென்ன செலவு காட்டலாம் சார்?” என்று கேட்கிறவர்கள்தான் அதிகம். அதற்குள் பாதி காரியம் கைமீறிப் போயிருக்கும். ஒரு செலவு கழியுமா, கழியாதா என்பது பெரும்பாலும் பணம் கொடுத்த அன்றைக்கே முடிவாகிவிடுகிறது. பில் யார் பெயரில் இருந்தது, எந்தக் கணக்கிலிருந்து பணம் போனது, ரொக்கமா யுபிஐயா என்ற மூன்றையும் ஆண்டு முடிந்தபின் மாற்ற முடியாது.

இந்தியாவில் இருந்துகொண்டு யூடியூப், இன்ஸ்டாகிராம், வலைப்பதிவு வழியாகத் தனிநபராகச் சம்பாதிப்பவர்களுக்கான கட்டுரை இது. 2025-26 நிதியாண்டு வரைக்கும் 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம்தான் பொருந்தும் என்பதால் அதன் பிரிவு எண்களையே தந்திருக்கிறோம். 2026 ஏப்ரல் 1 முதல் 2025ஆம் ஆண்டுச் சட்டம் நடைமுறைக்கு வருகிறது. அதில் பிரிவு எண்களும் படிவ எண்களும் வேறு.

முதலில் ஒரு தவறான நம்பிக்கையைக் களைந்துவிடலாம். “புதிய வரிமுறையில் கழிவே கிடையாதாமே” என்று பலர் சொல்கிறார்கள். அங்கே போவது எல்ஐசி, பிபிஎஃப் போன்ற 80சி வகைச் சேமிப்புகளுக்கான கழிவு. தொழில் செலவு அந்த வகையில் சேராது. கேமரா, எடிட்டர் கூலி, இணையக் கட்டணம் எல்லாம் லாபத்தைக் கணக்கிடும்போதே கழிகின்றன. பழைய முறையானாலும் புதிய முறையானாலும் இதில் வித்தியாசம் இல்லை. ஆனால் புதிய முறையில் மாதச் சம்பளக்காரருக்குக் கிடைக்கும் 75,000 ரூபாய் நிலைக்கழிவு (ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன்) சேனல் வருமானத்துக்குக் கிடையாது.

கணக்கைப் பிரியுங்கள்

சேனலுக்கென்று தனி வங்கிக் கணக்கு ஒன்று வேண்டும். ஆட்சென்ஸ் பணம் (வீடியோவில் ஓடும் விளம்பரங்களுக்காகக் கூகுள் தரும் பங்கு), நிறுவனங்கள் நேரடியாகத் தரும் விளம்பரப் பணம் எல்லாம் அதில் வரட்டும். சேனல் செலவு எல்லாம் அதிலிருந்தே போகட்டும். வீட்டுச் செலவுக்கு வேண்டியதை மாதம் ஒருமுறை உங்கள் சொந்தக் கணக்குக்கு மாற்றிக்கொள்ளுங்கள். அந்தத் தொகை நீங்கள் எடுத்துக்கொண்ட பணம். “எனக்கு நானே கொடுத்த சம்பளம்” என்று அதைச் செலவில் எழுத முடியாது.

ஒரே கணக்கில் பால் பாக்கெட்டும் சாஃப்ட்வேர் சந்தாவும் கலந்து கிடந்தால், நியாயமான செலவை நிரூபிக்கவும் நாள்கணக்கில் மெனக்கெட வேண்டியிருக்கும்.

வருமானத்தை முழுசாக எழுதுங்கள்

செலவைக் கழிப்பதற்கு முன்னால் வருமானம் சரியாக இருக்க வேண்டும். அதிகம் பேர் சறுக்குவது இங்கேதான். வங்கியில் வந்த தொகையை மட்டும் கூட்டி அதையே வருமானம் என்று எழுதிவிடுகிறார்கள். வங்கிக்கு வராத வருமானமும் உண்டு.

முதலாவது, உள்ளூர் டிடிஎஸ், அதாவது பணம் கொடுப்பவரே முன்கூட்டிப் பிடித்து அரசுக்குக் கட்டும் வரி. விளம்பரம் தந்த நிறுவனம், உங்களுக்குத் தரும் தொகை ஆண்டுக்கு 50,000 ரூபாய்க்கு மேல் போனால் 194ஜே பிரிவில் 10 சதவீதம் பிடித்துக்கொண்டு மீதியை அனுப்பும். ஒப்பந்த வேலை என்று கருதினால் 194சி பிரிவில் 1 சதவீதம் பிடிக்கும். பிடித்ததற்கு முந்தைய முழுத் தொகைதான் உங்கள் வருமானம்.

இரண்டாவது, அமெரிக்க வரி. உங்கள் வீடியோவை அமெரிக்காவில் பார்த்தவர்களால் வந்த வருவாயில் மட்டும் கூகுள் அந்த நாட்டு வரியைப் பிடிக்கிறது. ஆட்சென்ஸில் டபிள்யூ-8பென் படிவத்தை நிரப்பி, பான் எண்ணைக் கொடுத்து, இந்திய அமெரிக்க வரி ஒப்பந்தத்தைக் கோரினால் விகிதம் 15 சதவீதம். படிவமே கொடுக்காதவர்களுக்கு அமெரிக்கப் பார்வையாளர் வருவாயோடு நிற்காமல் உலகம் முழுக்க வந்த வருவாயிலும் 24 சதவீதம் வரை பிடிபடலாம். மூன்றாண்டுகளுக்கு ஒருமுறை இந்தப் படிவத்தைப் புதுப்பிக்க வேண்டும். பிடிபட்ட வரி செலவாகாது. அதை வருமானத்தோடு சேர்த்துக் காட்டிவிட்டு, இங்கே கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளும் வெளிநாட்டு வரிச் சலுகையாகத்தான் கேட்க வேண்டும்.

மூன்றாவது, இலவசமாக வந்த பொருள். ஒரு நிறுவனம் ஓவனையோ செல்போனையோ அனுப்பி வீடியோ போடச் சொல்கிறது. படம் எடுத்தபின் திருப்பி அனுப்பிவிட்டால் உங்களுக்கு வருமானம் இல்லை. வைத்துக்கொண்டால் அதன் மதிப்பு வருமானம். ஒரே நிறுவனத்திடமிருந்து ஆண்டுக்கு 20,000 ரூபாய்க்கு மேல் போனால் 194ஆர் பிரிவில் 10 சதவீதம் டிடிஎஸ் உண்டு. இதற்கு மறுபக்கமும் இருக்கிறது. வருமானமாகக் காட்டிய அந்தப் பொருளைச் சேனலுக்குப் பயன்படுத்தினால், காட்டிய மதிப்பையே விலையாக வைத்துத் தேய்மானம் (பொருளின் விலையில் ஆண்டுதோறும் ஒரு பங்கைச் செலவாக எழுதுவது) கழிக்கலாம். நேரடி வரிகள் வாரியத்தின் 2022ஆம் ஆண்டு 18ஆம் எண் சுற்றறிக்கை இதைத் தெளிவாகவே சொல்கிறது. பலர் வருமானத்தை மட்டும் காட்டிவிட்டுத் தேய்மானத்தை விட்டுவிடுகிறார்கள்.

எந்தச் செலவு கழியும்

37(1) பிரிவின் சோதனை எளிமையானது: செலவு முழுக்க முழுக்கத் தொழிலுக்காக இருக்க வேண்டும், சொந்தச் செலவாகவும் மூலதனச் செலவாகவும் (பல ஆண்டு உழைக்கும் பொருள் வாங்கும் செலவு) இருக்கக் கூடாது, சட்டவிரோதமானதாகவும் இருக்கக் கூடாது. சாஃப்ட்வேர் சந்தா, இசை உரிமம், டொமைன், மேகச் சேமிப்பு, சேனலை விளம்பரப்படுத்தக் கொடுத்த பணம், ஆடிட்டர் கட்டணம் ஆகியவற்றில் சிக்கலே இல்லை. சந்தா மின்னஞ்சல்களை ஒரு ஃபோல்டரில் போட்டு வைத்தால் போதும். சொந்த வேலையும் தொழிலும் கலந்த செலவுகளில்தான் யோசிக்க வேண்டியிருக்கிறது.

சமையல் சேனலையே எடுத்துக்கொள்வோம். மளிகை பில் கழியுமா என்றால், வீடியோவுக்கு வாங்கியது கழியும், வீட்டுக்கு வாங்கியது கழியாது. ஒரே பில்லில் 25 கிலோ பொன்னி அரிசி மூட்டையும், துணி சோப்பும், அரை கிலோ சீரகச் சம்பாவும் இருந்து, மொத்தத்தையும் “பிரியாணி வீடியோ” என்று எழுதினால் கேள்வி கேட்பவர் சிரிக்கத்தான் செய்வார். அதே கடையில் இரண்டு பில்லாகப் போடச் சொல்லுங்கள். சேனல் பில்லின் பின்பக்கம் வீடியோவின் பெயரையும் படப்பிடிப்புத் தேதியையும் எழுதுங்கள். சந்தையில் மீன்காரம்மாவிடம் பில் கிடைக்காது. அன்றைக்கே ஒரு வவுச்சரில் “வஞ்சிரம் 1 கிலோ, இன்ன தொகை, மீன் குழம்பு வீடியோ” என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, யுபிஐ பதிவின் படத்தை அதோடு சேர்த்து வையுங்கள். சமைத்ததை வீட்டார் சாப்பிட்டதால் மட்டும் செலவு செல்லாமல் போகாது. ஆனால் மாதம் நான்கு வீடியோ போடும் சேனலில் முப்பது நாள் மளிகையும் ஏறியிருந்தால் கணக்கு நிற்காது. இன்னொன்று, கடைகளில் தரும் வழவழப்பான பில் ஆறே மாதத்தில் வெளுத்துப்போகும். வாங்கிய அன்றே படம் எடுத்துவிடுங்கள்.

வாடகை வீட்டில் ஓர் அறையை ஸ்டூடியோவாக வைத்திருந்தால் பரப்பளவு விகிதத்தில் வாடகையையும் மின்கட்டணத்தையும் கழிக்கலாம். நான்கு சம அறைகளில் ஒன்று என்றால் கால்பங்கு. எந்த விகிதம், எப்படி வந்தது என்பதை ஒரு தாளில் எழுதி வைத்து ஆண்டு முழுவதும் அதையே பின்பற்றுங்கள். சொந்த வீட்டுக்கு உங்களுக்கே வாடகை போட்டுக்கொள்ள முடியாது. பழுதுபார்ப்பு, வீட்டு வரி ஆகியவற்றில் தொழில் பங்கைக் கழிக்கலாம். அப்பாவின் வீடு என்றால், மாதாமாதம் அவர் கணக்குக்கு உண்மையிலேயே வாடகை போக வேண்டும். அது அவருடைய வருமானக் கணக்கிலும் வர வேண்டும். மார்ச் கடைசியில் பன்னிரண்டு மாத ரசீதை ஒரே பேனாவில் எழுதுவது யார் கண்ணிலும் பட்டுவிடும்.

எடிட்டர், கேமராமேன், தம்ப்நெயில் வரைபவர் ஆகியோருக்குக் கொடுக்கும் பணம் முழுசாகக் கழியும். அவர்களின் பெயர், பான், செய்த வேலை, தொகை ஆகிய நான்கும் இருக்கும் ஒரு பில் வாங்குங்கள். வேர்ட் கோப்பில் அடித்துக் கொடுத்தாலும் போதும். முந்தைய ஆண்டில் உங்கள் வரவு தொழில் என்றால் 1 கோடி, புரொஃபஷன் (மருத்துவர், வழக்கறிஞர் போன்றோரின் தொழில்முறைப் பணி) என்றால் 50 லட்சம் ரூபாயைத் தாண்டியிருந்தால்தான் நீங்கள் இவர்களுக்கு டிடிஎஸ் பிடிக்க வேண்டும். தாண்டியும் பிடிக்காமல் விட்டால் அந்தச் செலவில் 30 சதவீதம் கழியாமல் போகும்.

மனைவிக்கோ கணவருக்கோ சம்பளம் கொடுப்பதில் எச்சரிக்கை தேவை. அவருக்கு அந்த வேலைக்கான தொழில்நுட்ப அல்லது தொழில்முறைத் தகுதியும் அனுபவமும் இல்லையென்றால், 64ஆம் பிரிவின்படி அந்தச் சம்பளம் உங்கள் வருமானத்திலேயே திரும்பச் சேர்க்கப்படும். உறவினருக்குச் சந்தை விலையைவிட அதிகம் கொடுத்தாலும் மிகுதியை அதிகாரி நிராகரிக்கலாம்.

உடை, ஒப்பனை விஷயத்தில் நம் கருத்து கொஞ்சம் கண்டிப்பானது. வெளியே போட்டுக்கொண்டு போகக்கூடிய பட்டுப்புடவையைக் காட்ட வேண்டாம். நகைச்சுவைச் சேனலில் போலீஸ் வேடத்துக்கு வாங்கிய உடுப்பு தாராளமாகக் கழியும். பயணமும் அப்படித்தான். வால்பாறைக்கு வீடியோ எடுக்கப் போனீர்கள், கூடவே குடும்பமும் வந்தது என்றால் உங்கள் பங்கு மட்டும் செலவு. மூன்று நாள் பயணத்தில் ஒரே ஒரு ரீல் எடுத்திருந்தால் அந்தப் பங்கும் சந்தேகம்தான். போக்குவரத்து அபராதம், அனுமதியில்லாமல் ட்ரோன் பறக்கவிட்டதற்கான தண்டம், நீங்கள் கட்டிய வருமான வரி ஆகியவை எந்தக் காலத்திலும் கழியா.

கேமராவும் கணினியும்: தேய்மானம்

பல ஆண்டு உழைக்கும் பொருளின் விலையை வாங்கிய ஆண்டிலேயே மொத்தமாகக் கழிக்க முடியாது. ஆண்டுதோறும் மீதி மதிப்பில் ஒரு விகிதம் கழியும். கணினி, லேப்டாப், அவற்றோடு சேர்ந்த மென்பொருளுக்கு 40 சதவீதம். கேமரா, லென்ஸ், மைக், விளக்கு, செல்போன் ஆகியவற்றுக்கு 15 சதவீதம். மேசை, நாற்காலி, அலமாரிக்கு 10 சதவீதம்.

அந்த ஆண்டில் பொருளைப் பயன்படுத்தியது 180 நாளுக்குக் குறைவாக இருந்தால் பாதி விகிதம்தான். சாதாரண ஆண்டில் அக்டோபர் 3ஆம் தேதிக்குள் பயன்பாட்டுக்கு வந்தால் முழு விகிதம் கிடைக்கும். அதனால் தீபாவளித் தள்ளுபடியில் லேப்டாப் வாங்கினால் முதலாண்டில் 40க்குப் பதில் 20 சதவீதம்தான். மிச்சம் தொலைந்துபோவதில்லை, அடுத்த ஆண்டுகளுக்குத் தள்ளிப்போகிறது. பில் தேதி மட்டும் இருந்தால் போதாது, பயன்படுத்தியிருக்கவும் வேண்டும். மார்ச் 30 அன்று வாங்கி டப்பா பிரிக்காமல் வைத்த கேமராவுக்கு அந்த ஆண்டில் தேய்மானம் கிடையாது.

தவணையில் வாங்கியிருந்தால் வட்டி செலவாகும், அசல் ஆகாது. பழைய கேமராவை விற்றால் அந்தத் தொகையை, அதே தேய்மான விகிதமுள்ள எல்லாப் பொருள்களும் சேர்ந்த தொகுப்பின் மதிப்பிலிருந்து குறைக்க வேண்டும். வீட்டிலும் பயன்படும் செல்போனுக்குத் தொழில் பங்கு மட்டும்தான். இந்த ஆண்டு வேண்டாம், லாபம் கூடும்போது எடுத்துக்கொள்ளலாம் என்று தேய்மானத்தைச் சேர்த்து வைக்கவும் முடியாது. நீங்கள் கோராவிட்டாலும் சட்டம் அதைக் கழித்ததாகவே வைத்து மீதி மதிப்பைக் குறைத்துவிடும்.

பத்தாயிரம் ரூபாய்க் கோடு

ஒரே நாளில் ஒரே நபருக்கு 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால், 40ஏ(3) பிரிவின்படி அந்தச் செலவு முழுவதும் கழியாது. 10,000க்கு மேற்பட்ட பகுதி மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். காலையில் 6,000, மாலையில் 6,000 என்று கொடுத்தாலும் கூட்டிப் பார்ப்பார்கள்.

பொருள் வாங்கும்போதும் இதே கோடுதான். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் 60,000 ரூபாய்க்குப் பழைய கேமரா ஒன்றை ரொக்கத்தில் வாங்கினால், அந்த 60,000 பொருளின் விலையாகவே கணக்கில் சேராது. எத்தனை ஆண்டு உழைத்தாலும் தேய்மானம் பூஜ்யம். ரொக்கத்துக்கு ஆயிரம் ரூபாய் குறைத்துத் தருகிறேன் என்று கடைக்காரர் சொன்னாலும் யுபிஐயிலோ கார்டிலோ கொடுப்பதுதான் லாபம்.

ஒரு மாதிரிக் கணக்கு

மதுரையில் 12,000 ரூபாய் வாடகை வீட்டில் நடக்கும் ஒரு சமையல் சேனல் என்று வைத்துக்கொள்வோம். 2025-26இல் ஆட்சென்ஸ் 9,60,000 ரூபாய். அதில் அமெரிக்க வரி 24,000 போக வங்கிக்கு வந்தது 9,36,000. விளம்பரம் 4,50,000, டிடிஎஸ் போக வந்தது 4,05,000. வைத்துக்கொண்ட ஓவன் 35,000. வங்கியில் ஏறியது 13,41,000, காட்ட வேண்டிய வரவோ 14,45,000. இந்த 1,04,000 ரூபாய் வித்தியாசம்தான் பிறகு நோட்டீஸாக வீடு தேடி வரும்.

செலவுகள்: எடிட்டர் 1,80,000, படப்பிடிப்பு மளிகை 1,44,000, வாடகையில் கால்பங்கு 36,000, மின்சாரம் 9,000, இணையமும் போனும் 12,000, மென்பொருளும் இசை உரிமமும் 30,000, பயணம் 28,000, ஆடிட்டர் 12,000. மொத்தம் 4,51,000. தேய்மானத்தில் ஜூனில் வாங்கிய 1,20,000 ரூபாய் கேமராவுக்கு 18,000, நவம்பரில் வாங்கிய 90,000 ரூபாய் லேப்டாப்புக்குப் பாதி விகிதத்தில் 18,000, ஆகஸ்டில் வந்த ஓவனுக்கு 5,250. ஆக 41,250.

லாபம் 9,52,750 ரூபாய். வேறு வருமானம் இல்லையென்றால், புதிய முறையில் 12 லட்சம் வரை 87ஏ தள்ளுபடி இருப்பதால் வரி பூஜ்யம்; பிடித்த டிடிஎஸ் திரும்ப வரும். செலவு எதுவுமே காட்டாமல் 14,45,000க்கும் வரி போட்டால் செஸ் சேர்த்து 1,00,620 ரூபாய். பில்களைச் சேர்த்து வைத்ததன் மதிப்பு அவ்வளவு.

இதில் ஒரு கசப்பும் உண்டு. அமெரிக்காவில் போன 24,000 திரும்பாது. அந்த வருமானத்துக்கு இங்கே எவ்வளவு வரி வருகிறதோ அந்த அளவுக்குத்தான் வெளிநாட்டு வரிச் சலுகை கிடைக்கும். இங்கே வரி பூஜ்யம் என்றால் சலுகையும் பூஜ்யம்.

பில்லே வேண்டாம் என்கிற வழி

செலவுக் கணக்கு எழுதாமல் உத்தேச லாபம் காட்டும் வழிகள் இரண்டு. 44ஏடிஏ பிரிவில் வரவில் பாதியை லாபமாகக் காட்டலாம். 44ஏடி பிரிவில் வங்கி வழி வரவுக்கு 6 சதவீதம். இதில் போனால் வேறு எந்தச் செலவும், தேய்மானமும் தனியாகக் கழியாது.

ஆறு சதவீதம் கேட்கக் கவர்ச்சியாகத்தான் இருக்கும். ஆனால் கமிஷன் வருமானத்துக்கு 44ஏடி கிடையாது. அஃபிலியேட் லிங்க்கில் (நீங்கள் தந்த இணைப்பு வழியாக யாராவது பொருள் வாங்கினால் கிடைக்கும் பங்கு) வருவது கமிஷன்தான். 44ஏடிஏவுக்கான தொழில் பட்டியலில் மருத்துவர், வழக்கறிஞர், திரைப்படக் கலைஞர் எல்லாம் இருக்கிறார்கள், யூடியூபர் என்ற சொல் இல்லை. வருமான வரிப் படிவத்தில் சமூக ஊடகப் பிரபலங்களுக்கு 16021 என்ற தனிக் குறியீடு வந்துவிட்ட பிறகும் ஆடிட்டர்களிடையே இதில் இரண்டு கருத்து உண்டு. 44ஏடியில் நுழைந்துவிட்டு இடையில் விலகினால் அடுத்த ஐந்து ஆண்டுகளுக்குத் திரும்ப நுழைய முடியாது. மேலே பார்த்த மதுரைச் சேனலுக்கு 44ஏடிஏ போட்டால் லாபம் 7,22,500. அதற்கும் வரி பூஜ்யம்தான். எப்படியும் பூஜ்யம் வருகிறவர் கேள்விக்குரிய பிரிவில் போய் நிற்பானேன்? உண்மைச் செலவையே எழுதட்டும்.

ஜிஎஸ்டி பக்கம் ஒரு கண்

ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் பதிவு செய்ய வேண்டும். வெளிநாட்டிலிருந்து வரும் ஆட்சென்ஸ் தொகையும் இந்த 20 லட்சத்தில் சேரும். பதிவான பிறகு 1,00,000 ரூபாய்க் கேமராவுக்குக் கொடுத்த 18,000 ஜிஎஸ்டியை உள்ளீட்டு வரியாக (நீங்கள் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழித்துக்கொள்வது) எடுத்தால், தேய்மானம் 1,00,000க்கு மட்டும். 1,18,000க்குத் தேய்மானமும் எடுத்து 18,000ஐயும் எடுப்பது கூடாது.

தாக்கல் செய்யும்போது

ஆண்டு வரி 10,000 ரூபாயைத் தாண்டும் என்று தெரிந்தால் முன்கூட்டிய வரி கட்ட வேண்டும்: ஜூன் 15க்குள் 15 சதவீதம், செப்டம்பர் 15க்குள் 45, டிசம்பர் 15க்குள் 75, மார்ச் 15க்குள் முழுவதும். தவறினால் மாதம் 1 சதவீத வட்டி. அந்த வட்டியும் கழியாது.

உண்மைச் செலவைக் காட்டுகிறவர்களுக்கான வருமான வரிப் படிவம் ஐடிஆர்-3. வெளிநாட்டு வரிச் சலுகை கேட்கிறவர்கள், உத்தேச லாபம் காட்டுகிறவர்களுக்கான ஐடிஆர்-4 பக்கம் போகவே முடியாது. அவர்கள், பிடித்த அமெரிக்க வரிக்குக் கூகுள் தரும் 1042-எஸ் சான்றோடு படிவம் 67ஐயும் தாக்கல் செய்ய வேண்டும். அமெரிக்க வரியை ரூபாயாக மாற்ற, வரி பிடித்த மாதத்துக்கு முந்தைய மாதக் கடைசி நாளின் ஸ்டேட் வங்கி வாங்கும் விலையைப் பயன்படுத்துங்கள்.

பழைய வரிமுறை வேண்டுமென்றால் கெடு தேதிக்கு முன் படிவம் 10-ஐஇஏ கொடுக்க வேண்டும். தொழில் வருமானம் உள்ளவர் அதிலிருந்து புதிய முறைக்கு ஒருமுறைதான் திரும்பலாம். சேனலில் முதலாண்டு நட்டம் என்றால் அதை வேலைச் சம்பளத்தில் கழிக்க முடியாது. எட்டு ஆண்டுகள் வரை முன்கொண்டு போய்த் தொழில் லாபத்தில் கழிக்கலாம். அதற்குக் கெடு தேதிக்குள் தாக்கல் செய்திருக்க வேண்டும்.

அனுப்பு பொத்தானை அழுத்துவதற்கு முன் வரித்துறை இணையதளத்தில் 26ஏஎஸ் (உங்கள் பெயரில் பிடித்த வரிப் பட்டியல்), ஏஐஎஸ் (உங்கள் வரவுகள் பற்றித் துறையிடம் உள்ள ஆண்டுத் தகவல் அறிக்கை) இரண்டையும் இறக்கி, அங்கே இருக்கும் ஒவ்வொரு வரியும் உங்கள் வரவில் இருக்கிறதா என்று டிக் போடுங்கள். மார்ச்சில் பில் போட்டு ஏப்ரலில் பணம் வந்த விளம்பரத்துக்கு நிறுவனம் மார்ச்சிலேயே டிடிஎஸ் காட்டியிருக்கும். நீங்கள் பணம் வந்த தேதியை வைத்துக் கணக்கு எழுதுகிறவர் என்றால், அந்த டிடிஎஸ்ஸை அடுத்த ஆண்டுக்கு எடுத்துச் செல்லும் கட்டம் படிவத்திலேயே இருக்கிறது. அதில் எழுதிவிட்டு அந்த பில்லின் நகலை அடுத்த ஆண்டுக் கோப்பில் முதல் தாளாகச் செருகி வையுங்கள்.